இரண்டாம் பாகமும் டிக்கெட் வசூலும்

பெரிய படமொன்றின் இரண்டாம் பாகம் வெளிவந்த மறுநாட் காலையில், அப்படம் நன்றாயிருக்கிறதா இல்லையா என்று நாம் அறிந்துகொள்ளுமுன்னரே, அது இத்தனை கோடி ரூபாய் ஈட்டிவிட்டது என்ற செய்தி நம்மை எட்டிவிடுகிறது. அச்செய்தியைப் படிப்போர் பலரும், ‘இவ்வளவு பணம் குவிந்திருக்கிறதென்றால் மக்களுக்கு இரண்டாம் பாகங்களின் மேல் எவ்வளவு விருப்பம் இருக்கவேண்டும்!’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். படமெடுப்போரும் அவ்வாறே எண்ணி, மூன்றாம் பாகத்திற்கு ஏற்பாடு செய்யத் தொடங்குகிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? தமிழகத்திற்கு வெளியே, மும்பை போன்ற நகரங்களில் வாழும் நமக்கு இக்கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. எந்தத் தமிழ்ப் படம் நம் ஊருக்கு வரும், எது வராது என்பதே பெரும்பாலும் இந்த வசூற் கணக்கைக் கொண்டுதான் முடிவாகிறது.

டிக்கெட் விற்கும் சாளரத்திற்குப் பாக்ஸ் ஆபீஸ் என்று பெயர். அச்சாளரத்தில் எண்ணப்படுவது பணம் ஒன்றே. அப்பணமும் படம் பார்ப்பதற்கு முன் கொடுக்கப்படும் பணம். தாராவியில் தோற்பை தைக்கும் தொழிலாளி ஒருவர் மனைவி மக்களோடு படத்திற்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் பிடித்துப்போய் அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பினாலும், இடைவேளையிலேயே சலித்து எழுந்துவந்தாலும், அந்த நான்கு டிக்கெட்டுகளும் கணக்கில் ஒன்றுபோலவே ஏறுகின்றன. அரங்கினுள் நுழையும்போது அவர்கள் எண்ணப்பட்டார்கள்; வெளியே வரும்போது எவரும் அவர்களை எண்ணவில்லை.

இது எல்லாப் படங்களுக்கும் பொதுவான குறை. ஆனால் இரண்டாம் பாகத்தில் இக்குறை இன்னும் பெரிதாகிறது. புதிய படமொன்றிற்குப் போகிறவர் நடிகரை நம்பியோ, இயக்குநரை நம்பியோ, பாட்டைக் கேட்டோ போகிறார். இரண்டாம் பாகத்திற்குப் போகிறவர் முதற்பாகத்தை நம்பிப் போகிறார். ஆதலின் ஓர் இரண்டாம் பாகத்தின் முதல் மூன்று நாள் வசூல் என்பது, உண்மையில் முதற்பாகத்திற்கு மக்கள் காலந்தாழ்த்திக் கொடுத்த பாராட்டேயாகும். புதிய படம் அவர்களுக்குப் பிடித்ததா என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

இதற்கு நாம் யாவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. ஷங்கர் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘இந்தியன்’ 1996-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. இலஞ்சத்தை ஒழிக்கக் கத்தியெடுத்த அந்த முதியவரைத் தமிழ் மக்கள் மறக்கவேயில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், ‘இந்தியன் 2’ திரைக்கு வந்தபோது, முதல் நாள் கூட்டத்திற்குக் குறைவில்லை. 1996-இல் இளைஞராய் இருந்து அப்படத்தைப் பார்த்தவர்கள் இப்போது தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குப் படம் நீளமாகத் தோன்றியது. சில நாட்களிலேயே ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடக் காட்சிகளைத் தயாரிப்பாளர்கள் வெட்டிக் குறைத்தார்கள். வெட்டியும் பயனில்லை, கூட்டம் விரைவாகக் கரைந்துபோயிற்று. முதல் நாள் வசூலை மட்டும் பார்த்தவர், மக்களுக்கு ‘இந்தியன் 2’ பிடித்திருந்தது என்று எழுதியிருப்பார். அன்று மக்கள் பணம் கொடுத்ததெல்லாம் 1996-ஆம் ஆண்டுப் படத்திற்கே என்பது நம் கருத்து.

இதற்கு நேர் எதிரான சான்று ஒன்றும் இந்த மும்பைப் பட உலகத்திலேயே கிடைக்கிறது. மலையாளத்தில் 2013-இல் வந்த ‘த்ரிஷ்யம்’ படத்தைத் தமிழில் ‘பாபநாசம்’ என்று 2015-இல் பார்த்தோம். அதே ஆண்டில் அது இந்தியிலும் எடுக்கப்பட்டது. இந்திப் படம் அரங்குகளில் ஓரளவே ஓடியது. இந்தியாவில் அதன் நிகர வசூல் எழுபது கோடியை எட்டவில்லை என்பது படத்தொழில் கணக்கு. அத்துடன் அதன் கதை முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பர். ஆனால் அப்படம் தொலைக்காட்சி வாயிலாக வீடு வீடாக நுழைந்தது. ஏழாண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், இந்தி ‘த்ரிஷ்யம் 2’ வெளிவந்தபோது அதன் வசூல் இருநூறு கோடியைத் தாண்டியது. முதற்பாகத்தின் மேல் மக்களுக்கிருந்த விருப்பம் அதன் சொந்த வசூலில் தெரியவில்லை. இரண்டாம் பாகத்தின் வசூலில்தான் தெரிந்தது. இன்னும் வேடிக்கை என்னவெனில், மலையாள மூலத்தின் இரண்டாம் பாகம் 2021 பிப்ரவரியில் அரங்குக்கே வராமல் நேரே இணையத்தில் வெளியாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைந்துகிடந்த எண்ணற்றோர் அதைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். இந்திய அரங்குகளில் அதற்கு டிக்கெட் வசூல் இல்லை.

தமிழில் இந்த வழக்கம் பழையதே. 1979-இல் வந்த ‘கல்யாணராமன்’ படத்தைத் தொடர்ந்து 1985-இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வந்தது. ஆனால் அக்காலத்தில் அத்தகைய படம் எப்போதோ ஒன்றுதான் வரும். இப்போது தொடர்ச்சிப் படங்கள் வராத ஆண்டே இல்லை. அவையெல்லாம் ஒரே வகையுமல்ல. ஒரே கதையை இரண்டாக வெட்டிப் பாதியைப் பின்னர்த் தருவது ஒரு முறை. முடிந்த கதையைப் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடங்குவது மற்றொரு முறை. பெயரையும் பாணியையும் மட்டும் வைத்துக்கொண்டு புதுக்கதை சொல்வது இன்னொன்று. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எல்லா வசூலையும் ஒரே தராசில் நிறுப்பதால்தான் குழப்பம் விளைகிறது.

வெட்டிய கதைக்குத் தலைசிறந்த சான்று ‘பாகுபலி’. 2015 ஜூலையில் வந்த முதற்படம், கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்ற வினாவோடு முடிந்தது. விடையை அறிய நாடே ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருந்தது. 2017 ஏப்ரல் 28-ஆம் நாள் வந்த இரண்டாம் படம், இந்தியில் மொழிமாற்றப் பெற்ற வடிவத்தில் மட்டும் ஐந்நூறு கோடி நிகர வசூலைக் கடந்தது. இதில் முதல் நாட் பணம் ஆவலால் வந்த பணம். விடை தெரிந்த பிறகும் வாரக்கணக்காக மக்கள் வந்துகொண்டிருந்தார்களே, அதுதான் விருப்பத்தால் வந்த பணம். வசூலை மொத்தமாகச் சொல்கிற விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

வினாவில் நிறுத்தி வாசகரைக் காக்கவைக்கும் கலையைத் தமிழர் திரையிலிருந்து கற்கவில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதையாக வந்தபோது, வாரந்தோறும் அடுத்த இதழை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள் பல. அங்கே ஒரு நேர்மை இருந்தது. இந்த வாரப் பகுதி பிடிக்கவில்லையென்றால் வாசகர் அடுத்த வாரம் வாங்கமாட்டார். விருப்பும் வெறுப்பும் ஏழு நாட்களுக்குள் விற்பனையில் தெரிந்துவிடும். அதே கதையை மணிரத்னம் இரண்டு படங்களாக எடுத்தார். முதற்படம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாவது 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வந்தன. இரண்டாவது முதலாவதைவிடக் குறைவாகவே ஈட்டியது. இதைக்கொண்டு இரண்டாம் படம் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? பிடித்திருந்தும் வராதவர்கள் இருப்பார்கள். வந்தியத்தேவனைத் திரையில் ஒருமுறை கண்டால் போதும் என்று பல்லாண்டு காத்திருந்த முதியவர்கள் முதற்படத்தோடு நிறைவடைந்திருப்பார்கள். முதற்படத்தைப் பார்த்து ஏமாந்து, இரண்டாவதற்கு வராதவர்களும் இருப்பார்கள். இவர்களை வசூற் கணக்கு பிரித்துக் காட்டாது. எனினும் இழந்த கூட்டத்தின் ஒரு பகுதியேனும் முதற்படத்தின் மேல் சொன்ன தீர்ப்பு என்று கொள்வதே பொருந்தும்.

ராகவா லாரன்ஸின் பேய்ப்படங்கள் வேறு கதை. 2007-இல் வந்த ‘முனி’ பெரும்புகழ் பெற்ற படமன்று. ஆதலின் 2011-இல் ‘காஞ்சனா’ வந்தபோது அதற்குப் பின்னால் பழைய கடன் ஒன்றும் இல்லை. அது பெற்ற வெற்றி அதற்கே உரியது. கண்டவர் சொல்லக் காணாதவர் வந்து சேர்ந்த வெற்றி. 2015-இலும் 2019-இலும் வந்த அடுத்த படங்களை விமரிசகர்கள் குறைகூறினாலும் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்தன. மக்களுக்கு அவ்வகைப் படம் பிடித்திருந்தது என்று ஐயமின்றிச் சொல்லலாம். முதற்பாகம் சிறிதாயிருந்து பின்னது பெரிதாகும்போது வசூலை நம்பலாம்; முதற்பாகம் பெரிதாயிருக்கும்போது பின்னதன் தொடக்க வசூலை ஐயுறவேண்டும். ‘சந்திரமுகி’ 2005-இல் வந்து சென்னை சாந்தி அரங்கில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடியது. (அந்த அரங்கு படத்தைத் தயாரித்த சிவாஜி குடும்பத்தாருக்கே உரியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.) பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ரஜினிகாந்த் இல்லாமல், 2023-இல் வந்த ‘சந்திரமுகி 2’ அந்தப் பெயரின் வலிமையால் மட்டும் நிலைக்க முடியவில்லை.

இனி அந்த எண்களையே சற்றுப் பார்ப்போம். சுவரொட்டியில் காணும் கோடிகள் பெரும்பாலும் மொத்த வசூல். அதாவது வரியும் சேர்ந்தது. வரியைக் கழித்தால் நிகர வசூல். அதில் அரங்குக்காரர் பங்கைக் கழித்தால் விநியோகஸ்தர் கைக்கு வருவது. ஒரே படத்திற்கு இந்த மூன்று எண்களையும் மூவர் சொன்னால் மூன்றும் உண்மையாயிருக்கும், மூன்றும் வேறாயுமிருக்கும். இவற்றைத் தணிக்கை செய்து வெளியிடும் பொது அமைப்பு நம் நாட்டில் இல்லாமையால், பெரிய எண்ணைச் சொல்வோர் குரலே ஓங்குகிறது.

டிக்கெட் விலையும் ஒரு மாயம் செய்கிறது. ஆயிரம் இருக்கைகள் கொண்ட பழைய கொட்டகையில் பத்து ரூபாய் வீதம் எல்லா இருக்கையும் நிரம்பினால் வசூல் பத்தாயிரம். முந்நூறு இருக்கைகள் கொண்ட இக்காலத்து மல்டிப்ளெக்ஸ் அரங்கில் முந்நூறு ரூபாய் வீதம் நூறு பேர் அமர்ந்திருந்தால் வசூல் முப்பதாயிரம். பார்த்தவர் பத்தில் ஒரு பங்கு, பணமோ மும்மடங்கு. பெரிய இரண்டாம் பாகங்களுக்கு முதல் சில நாட்கள் விலையை உயர்த்திக்கொள்ளச் சில மாநில அரசுகள் அனுமதியும் தருகின்றன; 2024 டிசம்பரில் ‘புஷ்பா 2’ படத்திற்குத் தெலங்கானாவில் அவ்வாறு தரப்பட்டது. ஆகவே ஒரு படம் பழைய சாதனையை முறியடித்தது என்று கேட்கும்போது, முறியடித்தது தலைகளின் எண்ணிக்கையா, ரூபாயின் எண்ணிக்கையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மும்பைக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. படத்தொழிலில் பம்பாய் வட்டாரம் என்றால் இந்த நகரம் மட்டுமன்று. மகாராஷ்டிரத்தின் ஒரு பகுதியும் குஜராத்தும் பிறவும் அதில் அடங்கும். ‘பம்பாய் வட்டாரத்தில் அமோக வசூல்’ என்று ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிப் படிக்கும்போது, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் அதை விரும்பினர் என்று கொள்ள இடமில்லை; அகமதாபாத்தில் இந்திக் குரலில் அதைப் பார்த்தவர் பணமும் அதில் சேர்ந்திருக்கும். எத்தனை திரைகள் கிடைத்தன என்பதும் விருப்பத்தைச் சாராத காரணங்களால் முடிவாகிறது. 2023-இல் ‘லியோ’ வந்தபோது, அது எட்டு வாரம் பொறுக்காமல் இணையத்திற்குப் போகிறது என்பதால், நாடளாவிய பெரிய மல்டிப்ளெக்ஸ் நிறுவனங்கள் அதன் இந்தி வடிவத்தை வடநாட்டில் திரையிடவில்லை. அங்கே வசூல் குறைந்ததற்கும் மக்கள் மனத்திற்கும் என்ன தொடர்பு?

முற்காலத்தில் நாட்களை எண்ணினார்கள். நூறு நாள், வெள்ளி விழா என்பவை நம் பெற்றோர் அறிந்த அளவுகோல்கள். தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இந்த மும்பையில் 1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ‘ஷோலே’ வெளிவந்தபோது முதலிரு வாரங்களில் கூட்டம் மந்தமாகவே இருந்தது. படம் தோற்றது என்றே தொழிலில் பேசிக்கொண்டார்கள். பிறகு பார்த்தவர் வாய்ச்சொல் பரவி, மினர்வா அரங்கில் அது ஐந்தாண்டுகள் ஓடிற்று. இக்காலத்து முறைப்படி முதல் மூன்று நாள் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ‘ஷோலே’ தோல்விப் படமாகவே ஏட்டில் நின்றிருக்கும். மும்பை சென்ட்ரலில் உள்ள மராத்தா மந்திர் அரங்கில், 1995 அக்டோபரில் தொடங்கிய ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ படத்தின் பகற்காட்சி, பெருந்தொற்று இடையிட்ட காலம் நீங்கலாக, முப்பது ஆண்டுகளைக் கண்டது. அங்கே டிக்கெட் மலிவு. நாள் வசூலும் சிறிது. அச்சிறு தொகையில் உள்ள விருப்பம் எத்தனையோ நூறு கோடிகளில் இல்லை.

நாட்கணக்கிலும் பொய் உண்டு. காலியான அரங்கில் நூறாவது நாளுக்காகப் படத்தை இழுத்துப்பிடித்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆயினும் அது படம் நிலைத்து நின்றதை அளக்க முயன்றது. இப்போது ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளில் வெளியிட்டு, வாய்ச்சொல் பரவுமுன் பணத்தை அள்ளிவிடுவதே முறையாகிவிட்டது.

அமெரிக்காவில் இக்குறையை நீக்க ஒரு வழி கண்டார்கள். ‘சினிமா ஸ்கோர்’ என்னும் நிறுவனம் 1970-களின் இறுதியில் தொடங்கி, முதல் நாள் படம் பார்த்துவிட்டு வெளியே வருவோரிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் கேட்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் முதல் நாளே ஓடிவருபவர் ஏற்கெனவே அன்பு கொண்டவர். அவர் தாராளமாகவே மதிப்பெண் இடுவார். உண்மைத் தீர்ப்பு அடுத்த பாகம் வரும்போதே தெரிகிறது. ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையில் 2011-இல் வந்த மூன்றாம் படமும் 2014-இல் வந்த நான்காம் படமும் உலகெங்கும் தலா நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டின. நான்காவதை விமரிசகர்கள் கடுமையாகச் சாடினர்; வசூலைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தார்கள். 2017-இல் ஐந்தாம் படம் வந்தது. ஏறத்தாழ அறுபது கோடியோடு நின்றுவிட்டது. நான்காம் படத்தைப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஓர் இரண்டாம் பாகம் மக்களுக்குப் பிடித்ததா என்று அறிய விரும்புவோர் முதல் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு, முதல் திங்கட்கிழமையையும் இரண்டாம் வாரத்தையும் பார்க்கவேண்டும். விடுமுறையும் விசிறிகளும் ஓய்ந்த திங்கட்கிழமையன்று, வேலை முடிந்து களைத்து வருபவர் டிக்கெட் வாங்கினால் அது எவரோ பார்த்துவிட்டுச் சொல்லி வாங்கிய டிக்கெட். மொத்த வசூலை முதல் மூன்று நாள் வசூலால் வகுத்துப் பார்ப்பது இன்னும் எளிய வழி. ஈவு நான்கு, ஐந்து என்று வந்தால் படம் தன் காலில் நின்றது. இரண்டைத் தாண்டவில்லையெனில் பெயரின் தோளில் ஏறி வந்தது.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே உள்ள அரோரா அரங்கைத் தமிழ்ப் படத்தின் பொருட்டு அறியாத மும்பைத் தமிழர் அரியர். ரஜினிகாந்த் படம் வரும் நாளில், விடியுமுன்னே தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இளைஞர்கள் மேளத்தோடும் பாலோடும் அங்கே கூடுவது பல்லாண்டு வழக்கம். அந்த மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. மராத்தியும் இந்தியும் சூழ்ந்த ஊரில் தமிழ் ஓங்கி ஒலிக்கும் நேரம் அது. ஆனால் அங்கு கூடுவோர் படத்தைப் பார்த்துத் தேர்ந்தவர்களல்லர்; பார்க்குமுன்னே கொண்டாடுபவர்கள். அந்தக் கூட்டத்தையே சான்றாகக் கொண்டு, மும்பைத் தமிழருக்குப் பெரிய நாயகரின் படமும் பெயர்பெற்ற படத்தின் இரண்டாம் பாகமுமே வேண்டும் என்று விநியோகஸ்தர்கள் கணக்கிடுகிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் பாராட்டுப் பெறும் சிறு படம் இங்கே வந்தால், எங்கோ தொலைவிலுள்ள வளாகத்தில் ஞாயிறு இரவு ஒரே காட்சி கிடைக்கிறது. மறுநாள் அதிகாலையில் வேலைக்குப் போகவேண்டிய தாராவிக் குடும்பம் அக்காட்சிக்குப் போக இயலாது. இருக்கைகள் காலியாக இருக்கும். அந்தக் காலி இருக்கைகளும் வசூற் கணக்கில் ஏறி, இவ்வூர்த் தமிழருக்கு அத்தகைய படம் பிடிக்காது என்று எழுதப்படுகிறது.